புத்தகத்தில் பூச்சியா? மருந்து அடிக்கும் முன்

நூலக அலமாரியில் பூச்சியைக் கண்டதும் பலர் முதலில் தேடுவது ஸ்பிரே டப்பாவைத்தான். அதுதான் பெரிய தவறு. எந்தப் பூச்சி என்று தெரியாமல் அடிக்கும் மருந்தால் தாளில் கறை படிவதுதான் மிச்சம்.

முதலில் அரித்த இடத்தைப் பாருங்கள். தாளின் மேல்பரப்பைச் சுரண்டிவிட்டதுபோல் அங்கங்கே மெலிந்து, ஓரம் கோணல்மாணலாக இருந்தால் ராமபாணம் என்கிற வெள்ளிநிறப் பூச்சி. பசையில் இருக்கும் மாவுச்சத்தும் காற்றில் ஈரமும் இருந்தால் அது விடாது. குண்டூசித் தலையளவு உருண்டைத் துளை பக்கம் பக்கமாக உள்ளே போனால் வண்டின் புழு. புத்தகத்தை வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தி வையுங்கள். சில நாள் கழித்துப் புதிதாகத் தூள் கொட்டியிருந்தால் புழு இன்னும் உள்ளே இருக்கிறது. சுவரில் மண்கோடு ஓடினால் கரையான். அப்போது புத்தகத்தை மட்டும் தட்டி வைத்துப் பயனில்லை, அது வரும் வழியை அடைக்க வேண்டும். அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் அரை அடியாவது தள்ளிப் போடுங்கள்.

அந்துருண்டை மூடிய பெட்டிக்குள் ஆவி தேங்கினால்தான் வேலை செய்யும். திறந்த அடுக்கில் வைத்தால் பூச்சியைவிட, நாள் முழுக்க அங்கே உட்காரும் நூலகருக்குத்தான் கெடுதல். ஓலைச்சுவடிக்குப் பூசும் எலுமிச்சம்புல் எண்ணெயைக் காகிதப் புத்தகத்தில் தடவுவதும் வேண்டாம், எண்ணெய்க்கறை போகாது. வெயிலில் காயவைத்தால் தாள் பழுத்து நொறுங்கும்.

புழு இருக்கும் சாதாரணக் காகிதப் புத்தகத்துக்கு உறைகுளிர் நல்ல வழி. பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 2 வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள், தாளில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு நாள் விட்டுப் பிரியுங்கள். சுவடி, தோல் அட்டை, புகைப்படம் என்றால் ஆவணப் பாதுகாப்பு நிபுணரைக் கேட்காமல் கைவைக்க வேண்டாம்.

நன்கொடையாக வரும் மூட்டையை நேராக அடுக்கில் ஏற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. சில வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சேருங்கள்.

சரஸ்வதி பூஜைக்குத் தூசி தட்டினால் அந்த வருஷத்துக்குப் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் நம் ஊரில் அதை ஒட்டித்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. பூச்சி பெருகும் ஈரமான மாதங்களில் யாரும் அலமாரியைத் திறப்பதில்லை. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டும் சிறு கருவி அதிக விலையில்லை. கீழ்த்தட்டின் மூலையில் ஒரு பசை அட்டையும் வைத்து, மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.