இரைச்சலின்றி, குறைந்த மின்சாரத்தில் வீடியோ தொகுக்க ஒரு வீட்டுக் கணினி

என் பழைய கணினியில் தொகுத்த வீடியோ ஒன்றில், பின்னணிக் குரலுக்கு அடியில் மெல்லிய சீறல் ஏறுவதும் இறங்குவதுமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. மைக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன், பயனில்லை. மேசைக்கு அடியில் இருந்த கணினியின் விசிறிதான் காரணம் என்பது, அதை அணைத்துவிட்டுக் கைபேசியில் பதிவு செய்தபோதுதான் தெரிந்தது. ஒரே சீரான இரைச்சலாக இருந்தால், அதில் ஒரு நொடியை மாதிரியாக எடுத்துக் கொடுத்தால் போதும், மென்பொருளே பெரும்பகுதியை நீக்கிவிடும். நொடிக்கு நொடி மாறும் இரைச்சலுக்கு அந்த வழி உதவாது. ஆகவே புதிய கணினியைச் சேர்க்கும்போது, சத்தம் குறைவாக இருக்க வேண்டும் என்பதோடு, இருக்கும் சத்தம் மாறாமலும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

கணினி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றத்தான் விசிறி சுழல்கிறது. எனவே மின்சாரத்தைச் சேமிப்பதும் சத்தத்தைக் குறைப்பதும் ஒரே வேலைதான்.

படி 1: உங்கள் கேமரா என்ன வடிவத்தில் பதிவு செய்கிறது என்று பாருங்கள்

பாகங்களின் பட்டியலைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஹெச்.264, ஹெச்.265 ஆகிய வீடியோச் சுருக்க வடிவங்களைப் பிரித்துக் காட்டத் தனிச் சுற்று ஒன்று பிராசசரிலோ கிராபிக்ஸ் கார்டிலோ இருந்தால், டைம்லைனை (தொகுக்கும் மென்பொருளில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையை) ஓட்டச் சில வாட் மின்சாரமே போதும். அது இல்லாவிட்டால் பிராசசரின் எல்லாக் கோர்களும் அந்த வேலையில் இறங்கும். வெப்பம் ஏறும், விசிறி அலறும். இன்டெல் பிராசசர்களில் 2011 முதல் குவிக் சிங்க் என்ற பெயரில் இந்தச் சுற்று இருக்கிறது; ஹெச்.265 அதில் பின்னர்தான் சேர்ந்தது. ஆனால் பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்து உள்ள பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, ஆகவே குவிக் சிங்கும் கிடையாது.

உங்கள் கேமரா 10 பிட், 4:2:2 (வண்ண விவரம் கூடுதலாக உள்ள) ஹெச்.265 வடிவத்தில் பதிவு செய்தால் இன்னும் கவனம் தேவை. இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸ் 11ஆம் தலைமுறையிலிருந்து அதைப் படிக்கும்; என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் 50 வரிசை வந்த பிறகே அந்த வசதி கிடைத்தது. வெட்டி ஒட்டுவதும் எளிய வண்ணத் திருத்தமும்தான் உங்கள் வேலை என்றால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. தேவைப்பட்டால் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 2: பாகங்கள்

32 ஜிபி ரேமை இரண்டு துண்டுகளாக வாங்குங்கள். நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது, நான்காவது இடங்களில்தான் அவற்றைப் பொருத்த வேண்டும். வேலைக்கு என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்). சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கேபினட்டுக்குள் வைக்காதீர்கள். அதன் அதிர்வு தகட்டின் வழியே மேசைக்கும், மேசையின் வழியே மைக்குக்கும் போய்ச் சேரும்.

பிராசசரின் மேல் பொருத்தும் கூலர் பெரியதாக, 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறியுடன் இருக்கட்டும். தண்ணீர்க் குளிரூட்டியை நான் விரும்புவதில்லை, ஏனென்றால் அதில் விசிறிகளோடு பம்பு ஒன்றும் ஓயாமல் ஓடுகிறது. கேபினட்டின் முன்பக்கம் வலையாக இருக்க வேண்டும். பஞ்சு ஒட்டி மூடிய ‘அமைதிக் கேபினட்டுகள்’ சத்தத்தோடு காற்றையும் தடுப்பதால், விசிறி வேகமாகச் சுழல வேண்டியதாகிறது.

பவர் சப்ளைக்கு 80 பிளஸ் கோல்டு தரம் போதும். அந்தச் சான்றின்படி பாதிச் சுமையில் 90 விழுக்காடும், ஐந்தில் ஒரு பங்குச் சுமையில் 87 விழுக்காடும் செயல்திறன் இருக்க வேண்டும். தேவைக்கு மிகப் பெரியதை வாங்கினால், அது எப்போதும் அதற்கும் குறைந்த சுமையில் ஓடி மின்சாரத்தை வீணாக்கும். குறைந்த சுமையில் விசிறியை நிறுத்திக்கொள்ளும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள்.

பொருத்தும் முறையைப் பாகங்களுடன் வரும் குறிப்பேடுகள் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை மட்டும் மறக்காமல் உரித்துவிடுங்கள்.

படி 3: வாட்டுக்கு வரம்பு

பிராசசரின் வேகம் கூடக் கூட அதற்கு வேண்டிய மின்னழுத்தமும் கூடுகிறது. மின்செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. கடைசிச் சிறு வேகத்துக்காகத்தான் மிக அதிக வெப்பத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. எடுத்துக்காட்டாக, கோர் ஐ5-13500 பிராசசரின் அடிப்படை அளவு 65 வாட், டர்போவில் (கூடுதல் வேகத்தில் ஓடும்போது) உச்சம் 154 வாட். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்) நீண்டநேர மின்வரம்பை 65 வாட்டாக வைத்துவிடுங்கள். 105 வாட் என்று குறிக்கப்பட்ட ஏஎம்டியின் ரைசன் பிராசசர் உண்மையில் 142 வாட் வரை இழுக்கும். மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடில் 65 வாட் நிலையைத் தேர்ந்தால் அது 88 வாட்டில் நின்றுவிடும். இறுதி ரெண்டர் (முடிந்த வீடியோவைக் கோப்பாக்கும் வேலை) சற்று நீளும், ஆனால் வெட்டித் தொகுக்கும் நேரத்தில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை.

படி 4: விசிறி வளைவு

எந்த வெப்பநிலையில் விசிறி எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்ற கணக்குதான் விசிறி வளைவு. இரண்டு வாரம் என்னைத் தடுமாற வைத்த இடம் இதுதான். நல்ல கூலர், நல்ல விசிறிகள், வரம்புக்குள் மின்சாரம் என எல்லாம் இருந்தும், டைம்லைனில் ஓட்டும் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ‘உஸ்ஸ்’ என்று எழுந்து, நிறுத்தியதும் அடங்கியது. தொகுக்கும்போது நாம் நிமிடத்துக்குப் பத்து முறை ஓட்டுகிறோம், நிறுத்துகிறோம் அல்லவா?

வெப்பநிலையைத் திரையில் வைத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. ஓட்டிய நொடியில் பிராசசர் 45 டிகிரியிலிருந்து 68க்குத் தாவியது. நிறுத்தியதும் அதே வேகத்தில் இறங்கியது. அந்தச் சில்லின் வெப்பம் அப்படித்தான் துள்ளும். கூலரின் கனத்த உலோகமோ மிக மெதுவாகத்தான் சூடாகும். சில நொடித் துள்ளலை உலோகமே வாங்கிக்கொள்ளும். விசிறி அதைத் துரத்த வேண்டியதில்லை.

பயாஸின் விசிறிப் பகுதியில் இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். முதலாவதாக, 70 டிகிரி வரை வளைவைத் தட்டையாக, 35 விழுக்காட்டில் வையுங்கள்; 80 டிகிரியில் 55, 90 டிகிரியில் 100 என்று அங்கிருந்து ஏறட்டும். இரண்டாவதாக, விசிறி வேகம் மாறுவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தைத் தேடுங்கள். மதர்போர்டுக்கு மதர்போர்டு அதன் பெயர் வேறுபடும். எங்கிருந்தாலும் அதை உச்சத்துக்குக் கொண்டுபோங்கள். கேபினட் விசிறிகளுக்கும் இதையே செய்யுங்கள். பிறகு அரை மணி நேரம் ரெண்டர் ஓடவிட்டு, வெப்பம் 85 டிகிரிக்குள் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: இதையெல்லாம் செய்தும் ஒரு விசிறி முழு வேகத்திலேயே ஓடுவதாக வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். விசாரித்ததில், அவை மூன்று ஊசி இணைப்பு கொண்ட விசிறிகள். பயாஸில் அந்த இணைப்பு பிடபிள்யூஎம் முறையில் (நான்காவது ஊசி வழியே வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறையில்) இருந்தால் அவற்றின் வேகம் குறையாது. மின்னழுத்தத்தை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிசி முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். நான் வைத்திருப்பவை எல்லாம் நான்கு ஊசி விசிறிகள் என்பதால் இதை முதலில் குறிப்பிடத் தவறிவிட்டேன்.

படி 5: அளந்து பாருங்கள்

சுவர்ப் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். தொகுக்கும்போது 40 வாட் குறைந்தால், நாளுக்கு 5 மணி நேரம் வீதம் 30 நாளில் 6 யூனிட் மிச்சம்.

சத்தத்தைச் சோதிக்க, மைக்கை வழக்கமான இடத்தில் வைத்து, ஒன்றும் பேசாமல் ஒரு நிமிடம் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பாதியில் டைம்லைனை ஒலியின்றி ஓட்டுங்கள். பிறகு பதிவின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் ஓட்டத் தொடங்கினீர்கள் என்பதை அந்தக் கோட்டில் கண்டுபிடிக்க முடிந்தால், நான்காம் படிக்குத் திரும்பிப் போய்க் காத்திருப்பு நேரத்தை மீண்டும் சரிபாருங்கள்.