கடலோர மாவட்டங்களுக்கான ஏழு நாள் வானிலை முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பில் முதலில் உங்கள் மாவட்டத்தையும் நாளையும் பார்த்துவிட்டு, பிறகு மழையின் பரவலைக் கவனியுங்கள். 'ஓரிரு இடங்களில்' என்றிருந்தால், அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதத்துக்கு மேற்படாதவற்றில் மட்டுமே மழை எதிர்பார்க்கப்படுகிறது என்று பொருள். ஆகவே உங்கள் தெருவில் தூறல்கூட விழாவிட்டாலும் முன்னறிவிப்பு பொய்த்துவிட்டதாகக் கருத வேண்டாம்.

அடுத்து மழையின் அளவு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை, 204.4 மி.மீ. வரை மிக கனமழை; அதையும் கடந்தால் அதிகனமழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் அதே நேரத்தில் முடிகிறது. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் ஆயத்தமாகுங்கள். சிவப்பு வந்தால் உடனே செயல்படுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி நகரும் திசை சற்றே மாறினாலும் மழை வேறு மாவட்டத்துக்குச் சென்றுவிடுவதால், ஐந்தாம் நாளுக்குப் பிந்தைய கணிப்பை ஒரு குறிப்பாக மட்டுமே கொண்டு, நாள்தோறும் புதிய அறிக்கையைப் பார்ப்பதே சரி. கோடையிலோ, கடற்காற்று தாமதமாக வீசும் நாட்களில் வெப்பம் கூடும். கடலுக்குச் செல்வோர் மழைக் குறிப்போடு நிறுத்திக்கொள்ளாமல், மீனவர்களுக்கான தனி எச்சரிக்கையையும் அவசியம் படிக்க வேண்டும்.