பிள்ளைகளிடம் கருத்துக் கேட்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளை முதலில் தவிருங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டால் போதும், அரசுப் பள்ளிகளைத் தேடிப் பலரும் வருகிறார்கள். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், முன்னாள் மாணவர் சங்கத்தினர், சி.எஸ்.ஆர். (கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும்) பணம் வைத்திருக்கும் கம்பெனிக்காரர்கள், ஊர் வாசகர் வட்டம், அறிவியல் ஆர்வலர்கள் என்று எல்லா வகையும் உண்டு. இப்போது இவர்களில் சிலர் தனித்தனியாக வராமல், ஓர் ஒன்றியத்தில் இருக்கும் பத்துப் பதினைந்து பள்ளிகளுக்கென்று கூட்டாகச் சேர்ந்து வருகிறார்கள். ஒரு பள்ளிக்கு மட்டும் தொலைநோக்கி கிடைத்து, பக்கத்துப் பள்ளிக்கு ஒன்றுமே கிடைக்காத நிலை இதனால் குறைகிறது. மனதார வரவேற்கிறேன்.

திண்டுக்கல், தேனிப் பக்கம் இப்படிப்பட்ட கூட்டு வேலைகளை ஒருங்கிணைத்துக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் நாங்கள் எதில் எல்லாம் சறுக்கினோமோ, புதிதாக வருகிறவர்களும் அதே இடங்களில் சறுக்குவதைப் பார்க்கிறேன். சொன்ன நேரத்துக்குப் போகாதது, தேர்வு நாளில் போய் நிற்பது மாதிரியான தவறுகளைத் தலைமை ஆசிரியரே ஒரே நாளில் திருத்திவிடுவார். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

ஒரே கடிதம் எல்லாப் பள்ளிக்கும் செல்லுபடியாகும் என்று நினைப்பது

முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதிக் கடிதம் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பள்ளிக் கல்வித் துறையின் பள்ளிகளோடு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இருக்கின்றன. மலைக்கு மேலே போனால் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். இவற்றுக்குத் தனித்தனித் துறை நிர்வாகம் என்பதால் அனுமதியும் தனியாகத்தான் வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் இது தெரிந்ததும், "சரி, இந்த வருஷம் அந்தப் பள்ளிகள் வேண்டாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த அடுத்த வருஷம் வருவதே இல்லை. வெளியிலிருந்து யாருமே போகாத பள்ளிகள் இவைதான். ஏப்ரலிலேயே பள்ளிப் பட்டியலை எடுத்து, எந்தப் பள்ளி எந்தத் துறை என்று எழுதி, எல்லா அலுவலகத்துக்கும் ஒன்றாக விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.

இருக்கிற மன்றத்தை விட்டுவிட்டுப் புது மன்றம் தொடங்குவது

6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்காக 2022 நவம்பரில் வானவில் மன்றம் என்ற அறிவியல், கணித மன்றம் தொடங்கப்பட்டது. 2024-ல் மகிழ் முற்றம் வந்து, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்தது. கலைத் திருவிழா, இலக்கிய மன்றம், பிள்ளைகளும் எழுதும் தேன்சிட்டு இதழ் என்று இன்னும் இருக்கின்றன. இதற்கு மேல் நீங்களும் ஒரு மன்றம் ஆரம்பித்து, அதற்கு ஒரு பெயர், ஒரு பொறுப்பாசிரியர், ஒரு பதிவேடு என்றால், அந்தப் பதிவேட்டை எழுதப்போவதும் ஏற்கெனவே எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் விவரங்களை ஏற்றிக்கொண்டிருக்கும் அதே ஆசிரியர்தான். மகிழ் முற்றத்தின் குழுக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். குழுத் தலைவர்கள் இருக்கிறார்கள், கூடுவதற்கான வழக்கமும் இருக்கிறது. உங்கள் ஆட்களையும் பொருள்களையும் அங்கே கொண்டு போய்ச் சேர்த்தால் போதும்.

பேனர்

முதல் கூட்டத்துக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்குங்கள்.

அதே நாலு பிள்ளைகள்

"நல்லாப் பேசுற பசங்க நாலு பேரை அனுப்புங்க சார்" என்று கேட்டால், ஆண்டு விழாவில் வரவேற்புரை சொன்ன பிள்ளைதான் வரும். பேச்சுப் போட்டிக்கும் அதே பிள்ளைதான், கலெக்டர் வந்தால் பூங்கொத்து கொடுப்பதும் அதே பிள்ளைதான். அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடிக்கடி லீவு எடுக்கிற பையன், கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பெண், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வருகிற பிள்ளை ஆகியோருக்குப் பள்ளி எப்படி இருக்கிறது என்பதை வரவேற்புரைப் பிள்ளையால் சொல்ல முடியாது. வருகைப் பதிவேட்டை வைத்துச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். பேசத் தயங்குகிறவர்களை வரையச் சொல்லுங்கள். பள்ளியின் வரைபடம் ஒன்றைக் கொடுத்து, பிடித்த இடத்துக்குப் பச்சையும் போகப் பயப்படும் இடத்துக்குச் சிவப்பும் அடிக்கச் சொன்னால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்கு எத்தனை பேர் சிவப்பு அடிக்கிறார்கள் என்று பாருங்கள்.

கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் போவது

மற்றத் தவறுகளை எல்லாம் என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. இதை இன்றுவரை முடியவில்லை.

ஒரு நடுநிலைப் பள்ளி. எந்த ஊர், எந்தக் குழு என்பது வேண்டாம். 6 முதல் 8 வரை உள்ள பிள்ளைகளிடம், "உங்கள் பள்ளியில் எதை மாற்ற வேண்டும்?" என்று அந்தக் குழு கேட்டது. பெயர் எழுத வேண்டாம் என்றார்கள். சீட்டுகளைப் பிரித்து அடுக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கோடு போட்ட நோட்டிலிருந்து ஸ்கேல் வைத்துக் கிழித்த சின்னச் சின்னத் தாள்கள், ஒவ்வொன்றும் நான்காக மடித்திருந்தது. பெண் பிள்ளைகள் எழுதியதில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு சீட்டில் இப்படி இருந்தது: "நான் உள்ள போனா என் ஃபிரண்டு கதவ புடிச்சிக்கணும். அவ லீவு போட்டா நான் அன்னைக்கு தண்ணியே குடிக்க மாட்டேன்."

குழுவின் திட்டத்தில் இருந்தவை ரோபோட்டிக்ஸ் பயிற்சியும் வானம் பார்க்கும் நிகழ்ச்சியும் கதை சொல்லும் முகாமும். தாழ்ப்பாள் அதில் இல்லை. அறிக்கையில் "அடிப்படை வசதிகள் குறித்தும் மாணவர்கள் கருத்துத் தெரிவித்தனர்" என்று ஒரு வரி எழுதினார்கள். அவ்வளவுதான். ஹார்டுவேர் கடையில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள் அது. தலைமை ஆசிரியரிடம் சொன்னால் பள்ளியைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்கி, அவரிடம்கூட யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே ஆளைக் கூப்பிட்டு மாட்டியிருப்பார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த ஆண்டு அதே பள்ளி, அதே கேள்வி. இந்த முறை சீட்டுகளில் "எங்கள் பள்ளி மிகவும் நல்ல பள்ளி", "எல்லாம் நன்றாக உள்ளது", "நன்றி" என்று இருந்தது. கதவு அப்படியேதான் இருந்தது. அந்தச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, மாணவர்களின் மனநிறைவு கூடியிருக்கிறது என்று அறிக்கை எழுதினார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "போன வருஷமும் எழுதிக் கொடுத்தோமே சார், அதை என்ன பண்ணீங்க?" பதில் சொல்ல அங்கே யாரிடமும் ஒன்றும் இல்லை.

பிள்ளைகள் சொல்லி யாரும் கேட்கவில்லை என்றால் அது ஒரு இழப்பு. நாமே போய்க் கேட்டு, நம்பிச் சொன்ன பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்றால், சொல்வதில் பிரயோஜனம் இல்லை என்பதை நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அடுத்து வேறு யார் போய் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் "எல்லாம் நல்லா இருக்கு" என்றுதான் வரும். அந்தப் பள்ளியில் மறுபடி உண்மையான ஒரு சீட்டு வருவதற்குள், அன்று எழுதிய பிள்ளைகள் பள்ளியை விட்டே போய்விட்டார்கள்.

1989-ல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்டது. அதன் 12-வது பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைகளுக்குத் தருகிறது. அவர்கள் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நம் ஆட்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

அதனால் சீட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்பே மூன்று விஷயங்களை முடிவு செய்யுங்கள்: யார் பிரித்துப் படிப்பது, யார் பதில் சொல்வது, என்றைக்குச் சொல்வது.

பிரித்துப் படிப்பவர் அந்தப் பள்ளி ஆசிரியராக இருக்கக் கூடாது. பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்தைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடுவார்கள். பல பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் மாணவர் மனசு பெட்டி இருக்கிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்குத் தகுந்தபடிதான் எழுதுவார்கள்.

படித்ததும் முதலில் ஒரு வகைச் சீட்டைத் தனியாக எடுத்துவிட வேண்டும். அடி, அவமானம், தொடுதல் பற்றிய சீட்டுகள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால், போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும். குழுக் கூட்டம் போட்டு விவாதித்துக்கொண்டிருக்க நேரமில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்க வேண்டும், போலீசுக்குச் சொல்ல வேண்டும். இது தெரியாத தன்னார்வலர் கையில் சீட்டுகளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மிச்சத்தை நாங்கள் மூன்று கட்டாகப் பிரிக்கிறோம். நம் கையால் உடனே முடிவது ஒன்று: தாழ்ப்பாள், பம்பரம், நூலகப் புத்தகம். பள்ளி மேலாண்மைக் குழுவோ ஊராட்சியோ செய்ய வேண்டியது இன்னொன்று: தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், தெருவிளக்கு. இப்போதைக்கு முடியாதது கடைசி. இரண்டாவது கட்டில்தான் உங்கள் கூட்டுக்கு உண்மையான வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அந்தத் தாய்மார்களிடம் தாழ்ப்பாள் சீட்டைப் படித்துக் காட்டிப் பாருங்கள். தீர்மானம் போட அரை மணி நேரம்கூட ஆகாது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடம் என்றால் அந்தத் தீர்மானத்தை ஒன்றிய அலுவலகத்துக்கும் கிராம சபைக்கும் கொண்டு போகலாம். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் நாள்காட்டியில் முதலில் குறிக்க வேண்டியவை இந்தத் தேதிகள்தான்.

அப்புறம் பத்து நாளைக்குள் அதே வகுப்புக்குத் திரும்பிப் போங்கள். மூன்று கட்டையும் கரும்பலகையில் எழுதுங்கள். முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். "கிரவுண்டு பெருசாக்க முடியாது, பக்கத்து நிலம் தனியாருடையது" என்று சொன்னால் ஆறாம் வகுப்புப் பையனுக்குப் புரிகிறது. காரணத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப சனிக்கிழமை கோயில் திடல்ல விளையாட விடுவாங்களா?" என்று அடுத்த யோசனையை அவனே சொல்வான். அதை நீங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கொண்டு போக வேண்டும். ஒன்றுமே நடக்காத மாதத்திலும் சொன்ன தேதிக்குப் போய், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள். இதற்கு நேரம் ஒதுக்க முடியாதென்றால் தயவுசெய்து கருத்துக் கேட்காதீர்கள். வானத்தை மட்டும் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். அதில் பிள்ளைகளுக்கு நஷ்டமில்லை.

போட்டோ

பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் முகம் தெரிகிற ஒரு படம்கூட வெளியே போகக் கூடாது.

நாலரை மணிக்கு மேல் வகுப்பு வைப்பது

பள்ளி முடிந்த பிறகு வைத்தால் பாடம் கெடாது என்று யோசிக்கிறீர்கள். இலவச பஸ் பாஸில் வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு டவுன் பஸ்ஸை விட்டால் இருட்டிய பிறகுதான் அடுத்தது. தம்பியை அங்கன்வாடியிலிருந்து கூட்டிப் போக வேண்டிய அக்காவும் இருக்க மாட்டாள். கடைசியில் பள்ளிக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கான வகுப்பாகிவிடும். தலைமை ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசி, கால அட்டவணையிலேயே ஒரு பாடவேளை வாங்குங்கள். கிடைப்பது வாரத்துக்கு ஒன்றுதான் என்றாலும் அதில் எல்லாப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

மார்ச் 31-க்குள் செலவு செய்ய ஓடுவது

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். கணக்கு மார்ச்சோடு முடிகிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவின் கீழ் வருகிற நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்பதால், டிசம்பருக்கு மேல்தான் பல இடங்களில் பணம் அவசரமாக வெளியே வருகிறது. அந்த நேரத்தில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் திருப்புதல் தேர்வு நடக்கும், பிறகு பொதுத் தேர்வு. ஆசிரியர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இப்படி வந்த பணத்தில் வாங்கிய கருவிகள் பெட்டி பிரிக்காமல் பீரோவில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு வழி இருக்கிறது. ஒப்பந்தம் பேசும்போதே பல ஆண்டுத் திட்டமாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். சட்டம் அதை அனுமதிக்கிறது. ஜனவரியில் பணம் வந்துவிட்டது, வேறு வழியில்லை என்றால் 6 முதல் 9 வரை உள்ள வகுப்புகளோடு மட்டும் வேலை செய்யுங்கள். வாங்க வேண்டியது என்ன என்பதை ஜூலையில் பிள்ளைகள் எழுதிய சீட்டுகளிலிருந்து எடுங்கள். கம்பெனிக்காரர் ரோபோட்டிக்ஸ் கிட்தான் வேண்டும் என்று நின்றால் அந்தச் சீட்டுகளை எடுத்து மேசை மேல் வையுங்கள்.