வெயிட்லிஸ்ட்டில் வைத்துவிட்டார்களா? இப்போது செய்யக்கூடாதவை

மார்ச் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிகளின் முடிவுகள் வரத் தொடங்கும். இடம் உண்டு, இல்லை என்ற இரண்டு பதில்களோடு மூன்றாவதாக ஒன்றும் வரும்: வெயிட்லிஸ்ட், அதாவது காத்திருப்போர் பட்டியல். நியூஜெர்சியில் வசிக்கும் தமிழ்க் குடும்பமோ, சென்னையிலிருந்து விண்ணப்பித்த குடும்பமோ, அந்த மெயிலைப் பார்த்ததும் ஒரே மாதிரிதான் தடுமாறுகிறது. இல்லை என்று வந்திருந்தால் ரெண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். இது அப்படி விடாது.

இதை ரயில் வெயிட்டிங் லிஸ்ட் மாதிரி நினைத்துக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. ரயிலில் நம் நம்பர் தெரியும், முன்னால் இருப்பவர் கேன்சல் செய்தால் நாம் ஒரு இடம் மேலே போவோம். பெரும்பாலான கல்லூரிகளின் பட்டியலில் வரிசை எண்ணே கிடையாது. இடம் கிடைத்தவர்கள் பொதுவாக மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். எத்தனை பேர் சேர்கிறார்கள், எந்தப் பக்கம் ஆள் குறைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பட்டியலைத் திறப்பார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் சேர்ந்துவிட்டால் ஒருவரைக்கூட எடுக்காத வருடமும் உண்டு. பல கல்லூரிகள் வருடாவருடம் 'காமன் டேட்டா செட்' என்ற அறிக்கையை வெளியிடுகின்றன. அதில் சி2 பகுதியைப் பாருங்கள். எத்தனை பேரை வெயிட்லிஸ்ட்டில் வைத்தார்கள், அதில் எத்தனை பேர் காத்திருக்கச் சம்மதித்தார்கள், கடைசியில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று இருக்கும். மூன்று நான்கு வருடக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள், எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் தாறுமாறாக மாறும்.

காத்திருக்க விருப்பம் என்றால் கல்லூரியின் போர்ட்டலில் அதைத் தெரிவிக்க வேண்டும். மெயில் வந்துவிட்டதே, தானாகப் பட்டியலில் இருப்போம் என்று விட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, இடம் கொடுத்த கல்லூரியைக் காக்க வைப்பது. மே 1க்குள் அங்கே டெபாசிட் கட்டியே ஆக வேண்டும். சில நூறு டாலர், பெரும்பாலும் திரும்ப வராது. பின்னால் வெயிட்லிஸ்ட்டில் இடம் கிடைத்தால் அந்தப் பணம் போகும்தான். ஆனால் கட்டாமல் விட்டால் கையில் எதுவுமே இருக்காது. ஒரு இடத்தில் டெபாசிட் கட்டிவிட்டு இன்னொரு இடத்தின் வெயிட்லிஸ்ட்டில் இருப்பது எல்லாரும் ஏற்றுக்கொண்ட நடைமுறை. இரண்டு கல்லூரிகளில் டெபாசிட் கட்டி இரண்டையும் பிடித்து வைப்பது வேறு விஷயம். அது நேர்மையில்லை, தெரியவந்தால் இரண்டு இடமும் பறிபோகலாம்.

அப்புறம் கடிதம். தொடர்ந்து ஆர்வம் இருக்கிறது என்று மாணவர் எழுதும் ஒரு பக்கக் கடிதம் இது. முதலில் கல்லூரி என்ன சொல்லியிருக்கிறது என்று படியுங்கள். எதுவும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லும் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே அனுப்பாதீர்கள். அனுப்பலாம் என்றால், "உங்கள் கல்லூரி உலகப் புகழ் பெற்றது, சிறு வயதிலிருந்தே என் கனவு" என்று எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம். அப்படி எழுதியவர்கள் அங்கே ஏராளம். விண்ணப்பித்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் அவர்களுக்குப் புதுச் செய்தி. உதாரணத்துக்கு: "விண்ணப்பித்தபோது எங்கள் ஊர் ஏரித் தண்ணீரைப் பரிசோதிக்கத் தொடங்கியிருந்தேன். மார்ச் வரை வாராவாரம் எடுத்த அளவுகளை ஊராட்சியில் கொடுத்திருக்கிறோம்." இந்த இரண்டு வரியில் ஒரு பிள்ளை கண்முன் தெரிகிறது. இடம் கொடுத்தால் கட்டாயம் சேர்வேன் என்பதை உண்மையாக இருந்தால் மட்டும், ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் எழுத வேண்டும். ஒரு நல்ல கடிதம் போதும். வாரம் ஒரு மெயில் போட்டால் எரிச்சல்தான் மிஞ்சும்.

அந்தக் கடிதத்தைப் பிள்ளைதான் எழுத வேண்டும். அப்பா அட்மிஷன் ஆபீசுக்குப் போன் போடுவதும், எம்.பி. லெட்டர் வாங்கி அனுப்புவதும் அங்கே பலிக்காது. பிள்ளையை அறியாத பெரிய மனிதரின் சிபாரிசால் அவர்களுக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. பள்ளி கவுன்சிலரிடம் சொல்லி இறுதி மதிப்பெண்களை அனுப்பச் சொல்வது உண்மையிலேயே உதவும். அதனால் கடைசிப் பருவத்தில் படிப்பைத் தளர்த்த வேண்டாம்.

பெற்றோரிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். தினமும் காலையில் "ஏதாச்சும் வந்துச்சா கண்ணா?" என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை ஒரு நாளைக்குப் பத்து முறை தானே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. சொந்தக்காரர்களிடம் சொல்லும்போதும், சேரப்போகும் கல்லூரியின் பெயரைச் சந்தோஷமாகச் சொல்லுங்கள். "இப்போதைக்கு அங்கே, ஆனால்..." என்று இழுத்தால், கிடைத்த இடம் மட்டமானது என்று பிள்ளை மனதில் பதிந்துவிடும்.

பண விஷயத்தையும் முன்பே பேசி வையுங்கள். மற்ற விண்ணப்பங்களில் குடும்ப வருமானத்தைப் பார்க்காத சில கல்லூரிகள்கூட வெயிட்லிஸ்ட்டிலிருந்து எடுக்கும்போது அதைப் பார்க்கின்றன. அந்த நேரத்தில் உதவித்தொகைக்கான பணமும் குறைந்திருக்கலாம். எவ்வளவு வரை முடியும் என்பதை ஏப்ரலிலேயே பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு விசாவும் இருக்கிறது. வெயிட்லிஸ்ட் முடிவு தெரியட்டும் என்று ஐ-20 (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி கொடுக்கும் படிவம்) வாங்குவதைத் தள்ளிப்போட்டால், தூதரக நேர்காணலுக்குத் தேதி கிடைக்காமல் திண்டாட நேரும். டெபாசிட் கட்டிய கல்லூரியின் ஐ-20 வந்ததுமே வேலையை ஆரம்பியுங்கள். கல்லூரி மாறினால் புது ஐ-20 வாங்க வேண்டும், அலைச்சல்தான். ஆனாலும் ஆகஸ்டில் விசா இல்லாமல் நிற்பதற்கு அது தேவலை.

கடைசியாக, அந்த அழைப்பே வந்துவிட்டால்? சில கல்லூரிகள் போனில் கூப்பிடும். கலிபோர்னியாவில் மதியம் என்றால் இந்தியாவில் நள்ளிரவு தாண்டியிருக்கும், தெரியாத வெளிநாட்டு நம்பர் என்று கட் செய்துவிடாதீர்கள். சந்தோஷத்தில் அந்த நிமிடமே சரி என்று சொல்லிவிடவும் வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு, எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். உதவித்தொகை விவரத்தையும் விடுதி இடத்தையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அதைப் படித்த பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.