முதல் ஃபார்முலா கார் ரேஸ்: வண்ணாரப்பேட்டையிலிருந்து ஸ்டார்ட் லைன் வரை

நான்கு சக்கரமும் வெளியே தெரிய, ஓட்டுபவரின் ஹெல்மெட் மட்டும் மேலே நிற்க ஓடும் ஒற்றை சீட் வண்டியைத்தான் ஃபார்முலா கார் என்கிறோம். வடசென்னைக்கு இது புதிதல்ல. செங்குன்றம் தாண்டிச் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் 1980களின் கடைசி வரை ரேஸ் நடந்தது. 1990ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் டிராக்கைத் திறந்ததும் எல்லாம் அங்கே போய்விட்டது.

முதல் ரேஸில் ஒரே இலக்கு போதும்: வண்டியை நான்கு சக்கரத்தோடு, ரேஸ் முடிவைக் காட்டும் செக்கர் கொடிக்குக் கொண்டுவருவது. வேகம் அதற்கப்புறம் வரும். கீழே எதைச் செய்யச் சொன்னாலும் இதை மனதில் வைத்தே சொல்கிறோம்.

படி 1: கார்ட், பள்ளி, லைசென்ஸ்

எண்ணூர் விரைவுச் சாலையிலோ மணலி சாலையிலோ ராத்திரி பழகலாம் என்று யாராவது கூப்பிட்டால் தயவுசெய்து போகாதீர்கள். விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் ஒரு டிரெய்லர் போதும், எல்லாம் முடிந்துவிடும். தவிர, அங்கே கற்கும் எதுவும் டிராக்கில் உதவாது. ஒரே வளைவை இருபது முறை, ஒரே இடத்தில் பிரேக் பிடித்துத் திரும்பத் திரும்ப எடுப்பதுதான் பயிற்சி. தெருவில் அதற்கு வழியே இல்லை.

கார்ட் என்ற சின்ன ரேஸ் வண்டியில் தொடங்குங்கள். பத்து நிமிட ஓட்டமாக எட்டுப் பத்து முறை ஓட்டி, உங்கள் லேப் (ஒரு முழுச் சுற்று) நேரங்களுக்குள் அரை விநாடிக்கு மேல் வித்தியாசம் வராத நிலைக்கு வந்த பிறகு ரேஸிங் பள்ளியில் சேருங்கள். அந்தச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனைப் படிவம் இரண்டையும் வைத்து இந்திய மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யிடம் போட்டி லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விதிமுறைப் புத்தகம் வருஷா வருஷம் மாறும். அந்த வருஷத்துப் பிரதியைப் படியுங்கள், போன வருஷம் ஓட்டியவர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

படி 2: வண்டி

சொந்தமாக வாங்க வேண்டாம். டீமிடம் வாடகைக்கு எடுப்பதுதான் வழக்கம். புதியவர்களுக்கு எல்.ஜி.பி. ஃபார்முலா 4 என்ற வண்டி வகை நல்ல தொடக்கம். மாருதியின் 1300 சிசி எஞ்சின், கையால் போடும் கியர். ஏ.பி.எஸ். கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது, காலும் கையும் செய்த தப்பை வண்டி மறைக்காது. ஒரு காலத்தில் கோவையில் ரேஸ் கார் வடிவமைப்பாளர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஃபார்முலா மாருதி கட்டியதும் இதே யோசனைதான்: தெரு மெக்கானிக்குக்குத் தெரிந்த எஞ்சின், எளிதில் கிடைக்கும் உதிரி பாகம்.

வாடகையில் டயர், பெட்ரோல், மெக்கானிக் கூலி எது எது அடங்கும், மூக்குக் கோன், சஸ்பென்ஷன் ஆர்ம், வீல் ரிம் உடைந்தால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள். டீமோடு மனஸ்தாபம் வருவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

படி 3: உடம்பும் உடுப்பும்

பைக் ஹெல்மெட் ஆகாது. ஹெல்மெட்டைச் சோதித்துச் சான்று தரும் ஸ்நெல் அமைப்பின் முத்திரையில் எம் என்று இருந்தால் அது பைக்குக்கு, எஸ்.ஏ. என்று இருந்தால்தான் காருக்கு. எஸ்.ஏ. வகைக்கு நெருப்புச் சோதனை உண்டு, எம் வகைக்கு இல்லை. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் மாட்ட ஹெல்மெட்டின் இரு பக்கமும் கொக்கி வேண்டும். ஓவராலில் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 8856 என்ற எண் தைத்திருக்கிறதா பாருங்கள். உள்ளே பாலியஸ்டர் பனியன் போடவே கூடாது, சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும்.

வளைவில் முதலில் தளர்வது கழுத்து. இதற்கு வடசென்னைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே வாத்தியார் இருக்கிறார். பேட்டைக்குப் பேட்டை இருக்கும் பாக்ஸிங் கிளப்பில் செய்கிற கழுத்துப் பயிற்சியேதான் வேண்டும்: நெற்றியில் கை வைத்துத் தள்ளி எதிர்ப்பது, பிறகு இரு பக்கமும், பின்னாலும். பத்து விநாடி, ஐந்து முறை, வாரம் நான்கு நாள், இரண்டு மாதம். ஓவராலுக்குள் வியர்வை கொட்டும். முதல் நாளிலிருந்தே உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ்.ஸோ குடித்து வாருங்கள். ரேஸுக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டால் வயிறுதான் குலுங்கும்.

படி 4: சீட் ஊற்றுவது

ஃபோமை ஊற்றி உங்கள் உடம்பின் அச்சிலேயே சீட் செய்வதுதான் இது. புதியவர்கள் அலட்சியம் செய்வது இதைத்தான். உடம்புக்குப் பொருந்தாத சீட்டில் உட்கார்ந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டிய கை உடம்பைத் தாங்கிப் பிடிக்கவே போய்விடும். மூன்றாவது லேப்பில் தோள் வலிக்கும், ஐந்தாவதில் பிரேக் புள்ளி தவறும்.

இரு திரவங்களைக் கலந்தால் பொங்கும் பியூ ஃபோம்தான் மூலப்பொருள். காசிமேட்டில் விசைப்படகின் ஐஸ் அறைக்கு ஊற்றும் அதே வகை. மொத்தம் 2 கிலோ திரவம் வாங்குங்கள். ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம். பொங்கும்போது சூடாகும், மொத்தமாக ஊற்றினால் முதுகைச் சுட்டுவிடும். புகை மூச்சுக்கு ஆகாது. திறந்த இடத்தில், கையுறையும் முகமூடியும் போட்டுச் செய்யுங்கள்.

பெல்ட் துளை, கியர் கம்பி, ஒயர் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடுங்கள். பெரிய தடித்த குப்பைப் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போட்டு சீட் இடத்தில் விரியுங்கள். ஓவரால், ஷூ, ஹெல்மெட், ஹான்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஊற்றுவதற்கு முன் மூன்று அளவு பார்க்க வேண்டும். பிரேக்கை முழுக்க மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். தோள் பின்னால் ஒட்டியிருக்கும்போது மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். வண்டி கவிழ்ந்தால் காக்கும் வளையக் கம்பிகளில், முன் ரோல் ஹூப்பிலிருந்து பின் ரோல் ஹூப்புக்கு ஒரு நூல் கட்டினால் ஹெல்மெட் அதற்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இந்தக் கடைசி அளவு தவறினால், வண்டி கவிழ்ந்தால் தரையில் முதலில் படுவது தலை.

கலவையைப் பத்து விநாடி வேகமாகக் கலக்கி, பைக்குள் முதலில் இடுப்புக்குப் பின்னால் ஊற்றச் சொல்லுங்கள், பிறகு விலாப் பக்கம், கடைசியில் தோள். நம்ம ஊர் வெயிலில் ஃபோம் சீக்கிரம் பொங்கும், நிதானம் பார்க்க நேரமில்லை. ஒவ்வொரு தடவையும் கையை ஸ்டீயரிங்கில் வைத்தபடி பதினைந்து நிமிடம் அசையாமல் இருங்கள். இடையில் ஒருவர் போனில் கூப்பிட்டார் என்று திரும்பினால், அந்தத் திரும்பல் சீட்டில் அச்சாக நிற்கும். இறுகியதும் எடுத்து, பெல்ட் துளைகளை வெட்டி, தீப்பிடிக்காத துணியால் சுற்றுங்கள்.

படி 5: பிரேக்கும் கியரும்

தெருவில் பிரேக்கை மெல்லத் தொடங்கி அழுத்திக்கொண்டே போவோம். இங்கே தலைகீழ்: முதல் நொடியில் முழு பலம், பிறகு வளைவை நோக்கி மெல்ல விடுவது. முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் வெள்ளைப் புகை வரும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். உடனே காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தளர்த்தாவிட்டால் டயரில் ஒரு இடம் தட்டையாகத் தேய்ந்து, மீதி ரேஸ் முழுக்க வண்டி நடுங்கும்.

கியரைக் குறைக்கும்போது வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில் இருக்க, அதன் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டாமல் கிளட்சை விட்டால் எஞ்சின் பின்சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும், வண்டி சுற்றும். சுற்றிவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் அழுத்தி அப்படியே நிறுத்துங்கள். பின்னால் உருண்டு டிராக்கின் குறுக்கே வராமல் இருந்தால் பின்னால் வருபவர் உங்களைக் கணித்து விலகுவார்.

படி 6: டயர் காற்று

காலையில் 30 டிகிரியில் 18 பி.எஸ்.ஐ. வைத்த டயர் ஓடி 80 டிகிரிக்குச் சூடானால் சுமார் 23 காட்டும். ஆகவே முக்கியம் ஓடி வந்த பிறகு சூடான டயரில் இருக்கும் காற்றின் அளவு. அது எவ்வளவு என்று டீம் சொல்லும். டீம் வண்டியைப் பார்க்கும் பிட்டுக்குள் வந்து நின்ற ஒரு நிமிடத்துக்குள் அளக்கச் சொல்லி, நான்கையும் நோட்டில் எழுதுங்கள். ஈரக் காற்று அடைத்தால் சூட்டில் இன்னும் கூடும், உலர்ந்த காற்றோ நைட்ரஜனோ அடைப்பது அதனால்தான்.

படி 7: ரேஸ் நாள்

திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் மீஞ்சூரில் வெளிவட்டச் சாலை ஏறி நசரத்பேட்டையில் இறங்கினால் பெங்களூரு நெடுஞ்சாலை. பெரம்பூர், வியாசர்பாடியிலிருந்து புழல் பைபாஸ் ஏறி மதுரவாயல் வழி. கன்டெய்னர் லாரி வரிசை கட்டும் முன், ஐந்து மணிக்கே கிளம்புங்கள். ஓட்டுநர் கூட்டத்துக்குப் போகாதவருக்கு அபராதமோ அதைவிடப் பெரிய தண்டனையோ உண்டு.

ஸ்டார்ட் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் முதல் இரண்டு லேப் டயர் சூடேறவே போகும். முன்னால் போகிறவர் வாலைப் பிடிக்காமல் இடைவெளி விட்டுக்கொண்டு மூன்றாவதிலிருந்து முயலுங்கள்.

படி 8: ஸ்டார்ட், முதல் வளைவு

ஃபார்மேஷன் லேப்பில், அதாவது ஸ்டார்ட்டுக்கு முன் வரிசையாகச் சுற்றி வரும் லேப்பில், நாலைந்து தடவை பிரேக்கை அழுத்திப் பேடைச் சூடாக்குங்கள். ஆறிய பேட் முதல் வளைவில் பிடிக்காது. ஸ்டார்ட்டுக்கு வரிசையாக நிற்கும் கிரிட்டில் முதல் கியர், கிளட்ச் கடிக்கும் புள்ளி, பார்வை சிவப்பு விளக்கில். எஞ்சின் அணைந்து வண்டி நின்றுவிட்டால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். பின்வரிசைக்காரர்களுக்கு அதுதான் எச்சரிக்கை.

திறந்த சக்கர வண்டிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. ஓடும் டயரின் பின்பக்க விளிம்பு மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தைத் தொட்டால் அந்த மேல்நோக்கிய பரப்பு உங்கள் சக்கரத்தைத் தூக்கிவிடும், வண்டியே காற்றில் ஏறும். கதவு உரசினால் பெயிண்ட் போகிற ரேஸ் அல்ல இது. அதனால் முந்துவது பாதி முடிந்து, உங்கள் முன்சக்கரம் அவர் காக்பிட்டுக்கு (ஓட்டுபவர் உட்காரும் இடம்) நேராக வரவில்லையென்றால் அந்த வளைவை விட்டுக்கொடுங்கள். வளைவின் உட்பக்கம் கடைசி நேரத்தில் மூக்கை நுழைக்கவே கூடாது. அவருடைய கண்ணாடியில் நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

கொடிகளில் மஞ்சளை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி படியுங்கள்: முந்தக் கூடாது, வேகம் குறைக்க வேண்டும், முன்னால் மார்ஷல் (டிராக் பாதுகாப்பு ஊழியர்) டிராக்கில் நிற்கலாம். அடுத்து சிவப்பு: ரேஸ் நிறுத்தம், மெதுவாக, சொன்ன இடத்துக்கு வர வேண்டும். நீலம் என்றால் லேப் முந்தியவர் பின்னால் வருகிறார். உங்கள் பாதையிலேயே நேராகப் போங்கள், விலகுகிறேன் என்று திடீரென ஒதுங்கினால் இருவரும் இடித்துக்கொள்வீர்கள். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் உங்கள் எண்ணோடு வந்தால் வண்டியில் ஏதோ தொங்குகிறது, பிட்டுக்கு வாருங்கள்.

படி 9: கொடிக்குப் பிறகு

நேராக பார்க் ஃபெர்மேக்கு, அதாவது ரேஸ் முடிந்த வண்டிகளைச் சோதனைக்கு நிறுத்தும் இடத்துக்கு. அங்கே டீம் ஆள் உட்பட யாரும் வண்டியைத் தொடக் கூடாது. குறைந்தபட்ச எடை ஓட்டுநரோடு சேர்த்துத்தான், ஆகவே ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தராசில் ஏறாதீர்கள். முடிவு தற்காலிகமாக வெளியானதும் ஆட்சேபம் சொல்லக் குறிப்பிட்ட நேரம்தான் உண்டு. அதுவரை கிளம்ப வேண்டாம். காத்திருக்கும் நேரத்தில், சூடு ஆறுவதற்குள் நோட்டில் எழுதிவிடுங்கள்: எந்த வளைவில் பிரேக் சீக்கிரம் பிடித்தீர்கள், எந்தக் கியர் மாற்றத்தில் பின்பக்கம் வழுக்கியது, நான்கு டயரின் காற்று என்ன.