மின்சஞ்சிகைகள் வாசிக்கப்படுகின்றனவா? மலையக நூலகங்களுக்கு ஓர் அளவீட்டு வழிகாட்டி

பேராதனையிலோ பதுளையிலோ பல்கலைக்கழக நூலகமொன்றில், ஆய்வுக் கட்டுரைகளை இணையவழி வெளியிடும் மின்சஞ்சிகைகளுக்குப் பொறுப்பாக இருப்பவரிடம் ஆண்டிறுதியில் தவறாமல் எழுப்பப்படும் கேள்வி, "இவ்வளவு பணம் கட்டுகிறோமே, யாராவது வாசிக்கிறார்களா?" என்பதே. பதிப்பாளர் தரும் பதிவிறக்க எண்ணிக்கையை எடுத்து நீட்டிவிடலாம்; ஆனால் அந்த எண் கோப்பு இறங்கியதைச் சொல்லுமேயன்றி, அது வாசிக்கப்பட்டதைச் சொல்லாது.

ஆயினும் எண்ணிக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எல்லாப் பதிப்பாளர்களும் ஒரே முறையில் எண்ணுவதற்காக 2002இல் தொடங்கப்பட்ட கவுண்டர் அமைப்பின் நெறிமுறைப்படி தயாரிக்கப்படும் அறிக்கைகளை, பதிப்பாளரின் தளத்தில் நூலகத்துக்குரிய நிர்வாகக் கணக்கிலிருந்து பெறலாம். டிஆர்-ஜே1 அறிக்கை சந்தாச் சஞ்சிகைகளில் திறக்கப்பட்ட கட்டுரைகளைக் காட்டும். டிஆர்-ஜே4 அவற்றை வெளியான ஆண்டு வாரியாகப் பிரித்துத் தரும். பலர் புரட்டிக்கூடப் பாராத டிஆர்-ஜே2, வாசகர் திறக்க முயன்று அனுமதி மறுக்கப்பட்ட தடவைகளைச் சொல்கிறது. அடுத்த ஆண்டு எதை வாங்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஒருவர் ஒரே அமர்வில் ஒரு கட்டுரையை இணையப் பக்கமாகவும் பிடிஎஃப் கோப்பாகவும் திறந்தால் அறிக்கையில் மொத்தக் கோரிக்கை (திறந்த தடவைகள்) இரண்டு, தனித்த கோரிக்கை (திறந்த கட்டுரைகள்) ஒன்று. சந்தாத் தொகையைத் தனித்த கோரிக்கைகளால் வகுத்தால் ஒரு பயன்பாட்டின் செலவு கிடைக்கும். ஆண்டுகளை ஒப்பிடும்போது இக்கணக்கை டொலரிலும் போட்டுப் பாருங்கள். 2022இல் ரூபாய் சரிந்தபோது, வாசிப்புச் சற்றும் குறையாத சஞ்சிகைகள்கூட ரூபாய்க் கணக்கில் கட்டுப்படியாகாதவையாகத் தோன்றின.

இந்த எண்கள் வாசிப்பைக் குறைத்தும் கூட்டியும் காட்டக்கூடியவை. வளாகம் முழுவதும் ஒரே ஐபி முகவரியில் (இணையத்தில் இணைப்பை அடையாளங்காட்டும் எண்) வெளியே செல்லுமிடத்தில், கணினிக் கூடத்தில் ஒரே மணி நேரத்தில் ஒரே கட்டுரையைத் திறக்கும் ஒரு வகுப்பே ஒருவராக எண்ணப்படலாம். ஒருவர் இறக்கிய கோப்பு வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டு, ஹட்டன் பக்கத்து லயன் அறையொன்றில் கைப்பேசியில் வாசிக்கப்படும்போது எந்த அறிக்கையிலும் அது பதிவாகாது. மாறாக, பத்துக் கோப்புகளை இறக்கி ஒன்றையும் தொடாதவரும் உண்டு.

ஆகவே வாசகரையே கேட்க வேண்டும். "மின்சஞ்சிகைகளை அடிக்கடி பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்காதீர்கள், நூலகர் கேட்டால் எல்லோரும் "ஆம்" என்றே அடையாளமிடுவார்கள். தமிழ் வினாக்கொத்தில் "சஞ்சிகை" என்ற சொல்லும் குழப்பும். எங்கள் முன்னோட்டத்தில் ஒரு மாணவி தாம் சஞ்சிகையே வாசிப்பதில்லை என்றெழுதினார். விசாரித்தபோது, அன்று காலைதான் தேயிலையின் கொப்புள நோய் பற்றிய ஆய்வுக் கட்டுரையொன்றை வாசித்திருந்தார். அவருக்குச் சஞ்சிகை என்றால் வாராந்த இதழ். "ஆய்வுக் கட்டுரை" என்றே எழுதுங்கள். சிங்கள, ஆங்கிலப் படிவங்களையும் ஐந்தாறு பேரிடம் வாசிக்கக் கொடுத்துச் சோதியுங்கள்.

கேள்விகள் இறுதியாக வாசித்த ஒரேயொரு கட்டுரையைச் சுற்றி அமையட்டும். தகவலியல் ஆய்வாளர்களான கரோல் டெனோபிரும் டொனால்ட் கிங்கும் பல ஆண்டுகள் கையாண்ட இம்முறையில், அந்தக் கட்டுரை எப்படிக் கண்ணில் பட்டது, எங்கிருந்து பெறப்பட்டது, எவ்வளவு நேரம் வாசிக்கப்பட்டது, எதற்காக, அதனால் என்ன மாறியது என்று கேட்கப்படும். வழக்கத்தை நினைவுகூர்வதைவிட ஒரு நிகழ்வை நினைவுகூர்வது எளிது. கடந்த நான்கு வாரங்களில் எத்தனை கட்டுரைகள் என்றும் சேர்த்துக் கேட்டால், அதிகம் வாசிப்பவரின் விடைக்கு உரிய எடை கொடுக்கலாம்.

மதிப்பை அறிய, "அந்தக் கட்டுரை கிடைத்திராவிட்டால் என்ன செய்திருப்பீர்கள்?" என்ற கேள்வி பணத்தைப் பற்றிக் கேட்பதைவிட நன்றாக வேலை செய்கிறது. "வேறொன்றை வாசித்திருப்பேன்" என்பதற்கும் "பரிசோதனையை மறுபடி செய்திருப்பேன்" என்பதற்கும் இடையே மலையளவு தூரம். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் போன்ற, ஆய்வாளர் தொகை சிறிதான இடங்களில் பதிவிறக்கம் குறைவாகவே இருக்கும். அங்கே இவ்விடைகளைப் பார்க்காமல் எந்தச் சந்தாவையும் நிறுத்தக்கூடாது.

பரீட்சைக் காலத்தையும் விடுமுறையையும் தவிர்த்து, தவணையின் நடுவில் படிவத்தை அனுப்புங்கள். பெயரோ பதிவெண்ணோ கேட்க வேண்டாம். பீடமும் கல்வியாண்டும் போதும்.