மலை ஊரில் வீடு எடுத்துத் தங்குகிறீர்களா? பணம் அனுப்பும் முன் கவனிக்க வேண்டியவை

பள்ளித் தேர்வு முடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஊட்டி, கொடைக்கானல் பேச்சு ஆரம்பித்துவிடும். பத்துப் பன்னிரண்டு பேர் போவதென்றால் ஹோட்டலில் நாலு ரூம் போட வேண்டும். அந்தக் காசுக்கு மூன்று படுக்கையறை உள்ள தனி வீடே கிடைக்கும். எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து நள்ளிரவு வரை அரட்டை அடிக்கலாம், பாட்டிக்குக் கஞ்சி வைத்துக்கொள்ளலாம். கணக்கு சரிதான். குடும்பத்தோடு கிளம்பினால் நானும் முதலில் வீடுதான் பார்ப்பேன்.

ஆனால் ஹோட்டலில் ரிசப்ஷன் என்று ஒன்று உண்டு. வெந்நீர் வரவில்லை என்றால் ஒரு போன் போதும். சரிப்படவில்லை என்றால் வேறு ரூம் கேட்கலாம். வீட்டில் இருப்பது ஒரு கேர்டேக்கர், அவரும் பல இடங்களில் பக்கத்து இரண்டு மூன்று வீடுகளுக்குச் சேர்த்து ஒருவர்தான். ஹோட்டலில் போய் இறங்கிய பிறகு கேட்கிற கேள்விகளை எல்லாம் இங்கே அட்வான்ஸ் அனுப்பும் முன்பே கேட்டுவிட வேண்டும். கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி, கேட்காமல் விட்டதால் வருபவை.

‘ஊட்டி’ என்று போட்டிருந்தால் ஊட்டி என்று நம்புவது

விளம்பரத்தில் ‘ஊட்டி வியூ வில்லா’ என்று இருக்கும். வீடு கோத்தகிரிப் பக்கமோ மஞ்சூர்ப் பக்கமோ இருக்கும். கொடைக்கானலிலும் இதே கதை: பெருமாள்மலை, பண்ணைக்காடு, பூம்பாறை, மன்னவனூர் எல்லாமே ‘கொடைக்கானல்’ கணக்கில்தான் வரும். அந்த ஊர்கள் ஒன்றும் மோசமில்லை. கூட்டமில்லாமல் இருக்க வேண்டும் என்றால் ஏரிக்கரையைவிட மன்னவனூர் எவ்வளவோ மேல். ஆனால் ஏரி, பூங்கா, கடைத்தெரு என்று திட்டம் போட்டுவிட்டு மன்னவனூரில் வீடு எடுத்தால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும்.

இதில் பலர் ஏமாறும் இடம் மசினகுடி. வரைபடத்தில் ஊட்டிக்குப் பக்கத்தில் தெரியும். நடுவில் இருப்பது 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதை. 2018-இல் ஒரு கார் பள்ளத்தில் கவிழ்ந்து ஐந்து பேர் இறந்த பிறகு, வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து அந்த வழியாக இறங்கத் தடை போட்டார்கள். கூடலூரைச் சுற்றிப் போனால் தூரம் இரண்டு மடங்குக்கு மேல். ஊட்டிக் குளிரும் மசினகுடியில் கிடையாது. காட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது அருமையான இடம், ஊட்டி பார்க்கப் போகிறவர்களுக்கு இல்லை.

ஏர்பிஎன்பி போன்ற வீட்டு வாடகைத் தளங்களில் முன்பதிவு உறுதியாகும் வரை பெரும்பாலும் வீட்டின் சரியான இடம் தெரியாது. வரைபடத்தில் ஒரு வட்டம்தான் காட்டும். எந்தக் கிராமம், பஸ் நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று அந்தத் தளத்தின் மெசேஜிலேயே கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கும், பின்னால் உதவும்.

கடைசி அரை கிலோமீட்டரை மறப்பது

என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. உறவினர் குடும்பம் ஒன்று டெம்போ டிராவலரில் கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனது. தார்ச் சாலை முடிந்து தேயிலைத் தோட்டத்துக்குள் சிமெண்ட் பாதை. ஒரு வளைவில் வண்டி திரும்பவே இல்லை. இருட்டில், தூறலில், பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் போய் நின்றால் கீழே இறங்க நாற்பது படி, கைப்பிடி கிடையாது. மூட்டுவலிக்காரப் பெரியம்மா ஒரு தடவை இறங்கியவர், ஊர் திரும்பும் நாளில்தான் மறுபடி மேலே ஏறினார்.

புகைப்படத்தில் பள்ளத்தாக்கு அழகாகத் தெரிகிறது என்றால் வீடு சரிவில் இருக்கிறது என்று அர்த்தம். சரிவு என்றால் படி உண்டு. எனவே, மெயின் ரோட்டிலிருந்து வாசல் வரை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல வீட்டுக்காரர் யோசிக்காமல் அனுப்புவார். ‘எல்லா வண்டியும் வரும் சார்’ என்பதோடு நிறுத்திக்கொள்பவரிடம் உங்கள் வண்டியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஸ்விஃப்ட் ஏறுகிற பாதையில் டிராவலர் ஏறாது.

வண்டிக்கே இ-பாஸ் வேண்டும் என்பதும் சிலருக்கு மலையடிவாரச் செக்போஸ்ட்டில்தான் நினைவுக்கு வருகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. சீசனில் பாஸ் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்புவதுதான் சரியான வரிசை. ரீஃபண்ட் கிடையாது என்ற நிபந்தனையோடு கொஞ்சம் மலிவாக வரும் விலை மலைக்கு ஏற்றதல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் எப்போது மண் சரியும் என்று யாரும் சொல்ல முடியாது.

குளிருக்கு அடுப்பை உள்ளே கொண்டுவருவது

இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். பெரும்பாலான வீடுகளில் கேம்ப் ஃபயர், பார்பிக்யூ உண்டு. குளிர் தாங்காமல் அந்தக் கரி அடுப்பைத் தூக்கி அறைக்குள் வைத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிறார்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் இப்படித்தான் இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள். தணல் மங்கி, புகையே தெரியாதபோதும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வந்துகொண்டே இருக்கும். அதற்கு வாடை கிடையாது, கண் எரியாது. தூக்கத்தில் இருப்பவர் விழிப்பதே இல்லை.

குளியலறைக்குள்ளேயே மாட்டிய கேஸ் கீசரும் இதே வகைதான். கரண்ட் அடிக்கடி போகிற மலை வீடுகளில் கேஸ் கீசர் நிறைய. சிலிண்டரும் கீசரும் வெளியே இருக்கின்றனவா, குளியலறையில் மூட முடியாத காற்றோட்ட வழி இருக்கிறதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். உள்ளேதான் இருக்கிறது என்றால் வாளியில் வெந்நீர் பிடித்துவிட்டு, கீசரை அணைத்து, கதவைத் திறந்து காற்று வரவிட்ட பிறகு குளியுங்கள். நான் அந்த வீட்டை எடுக்கவே மாட்டேன்.

குளிருக்கு என்ன இருக்கிறது என்பதையும் பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். தலைக்கு எத்தனை கம்பளி, எலெக்ட்ரிக் ஹீட்டர் உண்டா, அதற்குத் தனிக் காசா? ‘ஹீட்டர் உண்டு’ என்று பல வீட்டுக்காரர்கள் சொல்வது வாட்டர் ஹீட்டரை. ரூம் ஹீட்டரா என்று தெளிவாகக் கேளுங்கள்.

அடுப்படி, ஆள் கணக்கு, டிரைவர்

‘கிச்சன் உண்டு’ என்ற வார்த்தையை நம்பி அரிசி பருப்பு கட்டிக்கொண்டு போகிறார்கள். அங்கே இருப்பது ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் கெட்டிலும். குக்கர் இருக்கிறதா என்பதுதான் முக்கியக் கேள்வி. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. இட்லி மாவைக் கொண்டுபோனால் புளித்த மாவாகக் கொண்டுபோங்கள். அந்தக் குளிரில் ராத்திரி முழுக்க வைத்தாலும் பொங்காது. அசைவம் சமைக்கலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள், சில வீடுகளில் முட்டைகூட ஆகாது. தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டிலும் கேனும் எடுத்துப் போங்கள், நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை.

எட்டுப் பேர் என்று பதிவு செய்துவிட்டு, ‘சித்தப்பா பசங்களும் வர்றாங்க’ என்று பன்னிரண்டு பேராகப் போய் இறங்குவது நம் ஊர் வழக்கம். வாசலில் தகராறு வரும், அல்லது ஆளுக்கு இவ்வளவு என்று கேர்டேக்கர் அப்போது சொல்லும் விலைதான் விலை. படுக்கையும் கம்பளியும் எட்டுப் பேருக்குத்தான் இருக்கும். குழந்தைகளையும் சேர்த்து முன்கூட்டியே சொல்லிவிட்டால் பேரம் பேச இடம் உண்டு.

வாடகை வண்டி என்றால் டிரைவர் எங்கே தூங்குவார்? ஹோட்டல்களில் டிரைவர்களுக்குப் படுக்கை வசதி கட்டாயம் என்று 2023-இல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. வீடுகளில் அப்படி எதையும் எதிர்பார்க்க முடியாது. ஊட்டிக் குளிரில் அவர் வண்டியிலேயே சுருண்டு கிடந்துவிட்டு, மறுநாள் காலை நம்மை ஏற்றிக்கொண்டு மலை இறங்க வேண்டியிருக்கிறது. அவருக்கு ஓர் அறை இல்லாத வீடு நமக்கும் சரியான வீடு இல்லை.

காட்டோர வீட்டின் உரிமத்தைக் கேட்காமல் விடுவது

2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு தங்குமிடத்துப் பக்கம் வந்த யானை மீது எரியும் பொருளை வீசி எறிந்தார்கள். காது வெந்துபோன அந்த யானை சில நாட்களில் இறந்தது. உரிய அனுமதி இல்லாமல் நடந்த அந்த இடத்துக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். மசினகுடியை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தில் பல ரிசார்ட்டுகளை மூடச் சொன்ன வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் 2020-இல் வந்துவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் தங்கியிருக்கும்போது அதிகாரிகள் வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வீட்டின் அரசுப் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். மழுப்பினால் விடுங்கள். ‘ராத்திரி யானை பார்க்கலாம், சஃபாரி கூட்டிப்போறோம்’ என்று ஆசை காட்டுபவரிடம் கண்டிப்பாக வேண்டாம். இரவு சஃபாரி சட்டவிரோதம், மாட்டினால் அபராதம் உங்களுக்கும்தான்.

கமிஷன் மிச்சம் என்று நேரடியாகப் பணம் அனுப்புவது

தளத்தில் 9,000 ரூபாய் காட்டும் வீட்டை, ‘ஜிபேல போட்டுடுங்க, 7,500’ என்பார்கள். தெரிந்தவர் தங்கிவந்த வீடு என்றால் சரி. முன்பின் தெரியாதவர் என்றால், வீடே இல்லாமல் போனாலும் கேட்க ஆளில்லை. இணையத்தில் திருடிய படங்களை வைத்து விருந்தினர் இல்லம் நடத்துவதாக ஏமாற்றுவது பெருகி, 2025 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றப் பிரிவே இப்படிப்பட்ட முன்பதிவு மோசடிகளைப் பற்றி எச்சரித்தது. ‘அட்வான்ஸைத் திருப்பி அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்றால் உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க யாருக்கும் பின் தேவையில்லை. போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

அடையாள அட்டை கேட்பது நியாயம்தான். ஆனால் பன்னிரண்டு பேரின் முழு ஆதாரையும் வாட்ஸ்அப்பில் கொட்டாதீர்கள். ஆதார் தளத்திலேயே கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் இறக்கிக்கொள்ளலாம். உங்கள் குழுவில் வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் அத்தையோ மாமாவோ இருந்தால் முன்பே சொல்லுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அரசுக்கு ஆன்லைனில் தெரிவித்தாக வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாம் என்று வாசலிலேயே மறுப்பவர்கள் உண்டு.

உள்ளே நுழைந்ததும்

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் போனில் ஒரு வீடியோ: சுவர், டிவி, கண்ணாடி டேபிள், கறை படிந்த மெத்தை, குழாய். பின்னால் ‘இதை நீங்கதான் உடைச்சீங்க’ என்றால் தேதியோடு பதில் இருக்கும். குறை இருந்தால் கேர்டேக்கரிடம் வாயால் சொன்னதோடு விடாதீர்கள், தளத்திலும் எழுதுங்கள். ஏர்பிஎன்பியில் கண்டுபிடித்த 72 மணி நேரத்துக்குள் புகார் சொல்ல வேண்டும். ஊருக்கு வந்து துணி துவைத்து முடித்த பிறகு எழுதினால் பலன் குறைவு. வீட்டுக்குள் கேமராவே கூடாது என்று 2024 ஏப்ரல் 30 முதல் அந்தத் தளத்தில் விதி இருக்கிறது. நேரடியாக எடுக்கும் வீட்டுக்கு அந்தத் தளத்தின் விதி பொருந்தாது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இதே பழக்கத்தோடு சிங்கப்பூர் போவது

மலையில் வீடு எடுத்துப் பழகியவர்கள் சிங்கப்பூரிலும் அப்படியே தேடுகிறார்கள். அங்கே தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், எச்டிபி எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். யாராவது நாலு நாளைக்குத் தருகிறேன் என்றால் நீங்கள் நுழைவது சட்டவிரோத வீட்டுக்குள். நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் வீட்டுக்காரரும் கூடவே இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. பார்சிலோனா 2028 நவம்பருக்குள் சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்களை முடித்துவிடப் போவதாக அறிவித்திருக்கிறது. டிக்கெட் போடும் முன் அந்த ஊர் விதியைப் பாருங்கள்.

ஒரே ஒரு ராத்திரி தங்கல், அல்லது போய்ச் சேரவே இரவு பத்து ஆகிவிடும் என்றால் வீடு தேட வேண்டாம். சாவி வைத்திருக்கும் கேர்டேக்கர் எட்டு மணிக்கே படுத்திருப்பார், சிக்னலும் இருக்காது. ஊருக்குள் ரிசப்ஷனில் ஆள் இருக்கும் ஒரு ஹோட்டலைப் பிடியுங்கள். ஊட்டி, கொடைக்கானல் இரண்டிலுமே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு இருக்கிறது. அங்கே படுத்து எழுந்து, காலையில் வெளிச்சத்தில் பாதையைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.